கொல்லைக் குளத்துக்குக் காற்று

லிஃப்ட்காரர் செய்தது ஒன்றே ஒன்றுதான். பிளக்கைப் பிடுங்கினார். அதையும் கெட்ட எண்ணத்தோடு பிடுங்கவில்லை, பாசத்தோடு பிடுங்கினார். கெட்ட எண்ணத்தோடு பிடுங்கியிருந்தால் உறுத்தலிலாவது ஞாபகம் வந்து திரும்பச் செருகியிருப்பார்.

அன்று சனிக்கிழமை மத்தியானம். மனைவி வேலைக்குப் போயிருந்தாள், அன்று அவள் வர ராத்திரியாகும். அவள் திரும்புவதற்குள் கொல்லைக் குளத்தின் ஓரத்தில் ஒரு மரப் பெஞ்சு போட்டு அவளை அசத்திவிடுவது என்று திட்டம். குளம் என்றதும் படித்துறை, தாமரை என்று மனசு எங்கேயும் போய்விட வேண்டாம். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், முழங்காலுக்குச் சற்று மேலே ஆழம். கனமான ஆள் தவறி விழுந்தால் பாதித் தண்ணீர் வெளியே வந்துவிடும். ஆனாலும் அதில் அவள் ஆறு வருஷமாக வளர்த்த பதினொரு தங்கமீன்கள் இருந்தன. அவற்றுக்கு மூச்சு முட்டாமல் இரவும் பகலும் காற்று ஊத ஒரு சின்ன மோட்டார். அது மாட்டியிருந்த பிளக் பாயிண்ட்தான் பின்சுவரில் இருந்த ஒரே பாயிண்ட். துளை போடும் மிஷினின் ஒயர் அதை விட்டால் வேறெதற்கும் எட்டவில்லை.

பிடுங்கியதோடு நின்றாரா என்றால் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து அந்த மோட்டாரின் ஒயரில் தொங்கவிட்டார். ‘ஆள் வேலை செய்கிறார். தொடாதே.’ இருபத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்குக் கை அதுவாகப் போகும். கரண்டை நிறுத்தாமல், அட்டையை மாட்டாமல் எதையும் தொடக்கூடாது என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. வீட்டிலும் அப்படித்தான். ஃபேனைத் துடைத்தாலும் அட்டை, மிக்ஸியைத் திறந்தாலும் அட்டை. கல்யாணமான புதிதில், அட்டை தொங்கும்போது யாரோ பொத்தானை அமுக்கியதால் விரல் போன ஒரு சகதொழிலாளியின் கதையை மனைவிக்கு ஒரு மணி நேரம் சொன்னார். அன்றிலிருந்து இருபத்து நான்கு வருஷம் அந்த அட்டை தொங்கிய எதையும் அவள் சுண்டுவிரலால்கூடத் தீண்டியதில்லை.

பெஞ்சு அருமையாக வந்தது. ஆடாமல் நின்றது, அவர் செய்தவற்றில் அதுவே அபூர்வம். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். எழுந்து நின்று இன்னொரு கோணத்தில் பார்த்தார். அந்த மயக்கத்திலேயே மிஷினைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் குளித்து, தேநீர் குடித்து, அவளுக்காகக் காத்திருந்து காத்திருந்து அப்படியே தூங்கியும் போனார்.

அன்று ராத்திரி புழுக்கம். வெயிலில் காய்ந்த தண்ணீரில் காற்றுத் தங்காது. குளத்தில் நிறைந்து கிடந்த பாசியும் கொடியும் பகலெல்லாம் காற்றைக் கொடுத்துவிட்டு இருட்டியதும் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும். இதெல்லாம் அவருக்குப் பின்னால் தெரிந்தது. காலையில் எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தபோது தெரிந்தது ஒன்றுதான். பதினொன்றும் மேலே மிதந்தன. இளவெயில் பட்டு, அதற்கு முன் எப்போதும் இல்லாத அழகோடு, பக்கவாட்டில்.

மனைவி அவருக்கு முன்பே அங்கே நின்றிருந்தாள். கையில் வலை. அவள் முகம் மெல்லக் கோணிக்கொண்டு போவதை அவர் பார்த்தார். அந்த நேரம் பார்த்தா பக்கத்து வீட்டு ரொட்டிக்கடைக்காரர், விடியற்கால அடுப்பு வேலை முடிந்து மாவு ஒட்டிய தலையோடு மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டும்!

“என்ன சார், என்ன ஆச்சு?”

லிஃப்ட்காரருக்கு ஒரு வியாதி. மனசு பதறினால் வாய் சும்மா இருக்காது.

“ஒண்ணுமில்ல, எல்லாரும் ஒரே நேரத்துல மேல்மாடிக்குப் போயிட்டாங்க. எங்க லிஃப்ட்டைக்கூடக் கூப்பிடல.”

ரொட்டிக்கடைக்காரர் சிரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளும் சிரித்தாள். லேசாக அல்ல, தோள் குலுங்க, கண்ணில் நீர் வர. அப்பாடா என்று லிஃப்ட்காரர் மூச்சு விட்டார். பிறகு அவள் வலையைச் சுவரோரம் சாய்த்துவைத்தாள், சேலையில் கையைத் துடைத்தாள்.

“பரவாயில்ல,” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் கொல்லைக்கு வரவில்லை.

துணி உலர்த்துவதை மொட்டை மாடிக்கு மாற்றிக்கொண்டாள். சமையலறை ஜன்னல் பாதி மூடியே இருந்தது. சண்டை இல்லை, முகம் தூக்கல் இல்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் வேளாவேளைக்கு நடந்தது. அதுதான் பயமாக இருந்தது. மகள் வேறு ஊரில் வேலைக்குப் போனதிலிருந்து வீட்டில் அவர்கள் இருவர்தான். இரண்டே பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் உள்ளுக்குள் ஒரு கதவைச் சாத்திக்கொண்டால் மற்றவர் என்ன செய்வார்? வெளியே நின்று பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அவள் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியில், நுரையீரல் சோதிக்கும் அறையில். நாளைக்கு முப்பது நாற்பது பேர் வருவார்கள். ஒரு குழாயை வாயில் கொடுத்து, “நல்லா இழுங்க... இப்போ ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும், இன்னும்... போதும்” என்று சொல்ல வேண்டும். திரையில் ஒரு கோடு மலை மாதிரி ஏறி இறங்கும். நாள் முழுவதும் அடுத்தவர் மூச்சைத் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சமையலறைப் படியில் உட்காருவாள். குளத்தின் அடியில், மோட்டார் குழாயின் முனையில் கிடக்கும் காற்றுக்கல்லிலிருந்து குமிழிகள் வரிசையாக எழும். யாரும் ஊதச் சொல்லாமலே ஊதிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தபடி கால் மணி நேரம் அவள் பேசமாட்டாள். அவரும் பேசமாட்டார். அவர் வாழ்க்கையில் ஜோக்கு அடிக்காத கால் மணி நேரம் அது ஒன்றுதான்.

இப்போது மோட்டார் ஓடவில்லை. அதன் ‘ர்ர்ர்’ என்ற சத்தம், வீட்டுக்குள் எங்கோ ஒரு பூனை தூங்குவது போல இருக்கும். அது நின்ற பிறகுதான் ஆறு வருஷமாக அது இருந்ததே காதுக்குத் தெரிந்தது. காலை வெயில் குளத்தில் பட்டுச் சமையலறைக் கூரையில் நெளியும் வெளிச்சமும் போய்விட்டது. அலை இல்லாத தண்ணீர் என்ன நெளியும்? கூரை வெறும் கூரையாகிவிட்டது. பெஞ்சைப் பார்க்கவே பிடிக்காமல் போனதால், ஒரு நாள் அதை மதிலுக்கு மேலே தூக்கி ரொட்டிக்கடைக்காரருக்கே கொடுத்துவிட்டார். அவர் அதில் மாவுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டார்.

மகளிடம் போனில் புலம்பினார்.

“அம்மா என்ன சொன்னாங்க? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்கப்பா.”

“பரவாயில்லன்னா.”

“எந்தப் பரவாயில்ல? இழுத்தா, வெடுக்குன்னா?”

“ரெண்டுக்கும் நடுவுல.”

“ஐயய்யோ, நடுவுலயா? செத்தீங்க.”

“வேற வழி ஏதாவது சொல்லு தாயே.”

“நேரா கேளுங்க. கோபமான்னு கேளுங்க. ஆனா நீங்க நேராக் கேக்கமாட்டீங்களே. சுத்தி வளைச்சு ஒரு ஜோக்கடிச்சு, அதுக்கு நீங்களே சிரிச்சு...”

கேட்டார். சத்தியமாகக் கேட்டார். மறுநாள் அவள் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய், “கோபம் எத்தனாவது மாடியில இருக்குன்னு சொன்னா, வந்து கதவைத் திறந்து இறக்கிவிடறேன். என் தொழிலே அதுதான்” என்றார்.

“எனக்கென்ன கோபம்?” என்றாள். உதட்டோரம் ஒரு சிரிப்புக்கூட இருந்தது. “தள்ளுங்க, தீயுது.”

கேள்விக்குக் கேள்வியே பதில். இன்னொரு நாள், “மறுபடி மீன் விடலாமா?” என்று கேட்டார். “உங்க இஷ்டம்.” உங்க இஷ்டம் என்பது எந்த மொழியிலும் சம்மதம் ஆகாது. ஆனால் மறுப்பும் ஆகாதே என்று லிஃப்ட்காரர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மீனும் தொட்டியும் விற்கும் தொட்டிக்கடைக்குக் கிளம்பினார்.

தொட்டிக்கடைக்காரிக்கு முப்பது வயது இருக்கும். முழங்கைவரை எப்போதும் ஈரம். சுவர் முழுவதும் கண்ணாடித் தொட்டிகள். உள்ளே நுழைந்தால் பச்சையும் நீலமுமாக வெளிச்சம் ஆடும், சுற்றிலும் குமிழிச் சத்தம். யாரோ நூறு பேர் காதோரம் ரகசியம் பேசுவது போல இருக்கும். அந்தச் சொர்க்கத்துக்கு நடுவில் நின்றுகொண்டு அவள் குறுக்கு விசாரணை செய்தாள்.

“போன மீனு எதுல போச்சு?”

“காத்து இல்லாம.”

“மோட்டார் ரிப்பேரா?”

“இல்லம்மா, ஆள் ரிப்பேர்.”

அவள் சிரிக்கவில்லை. “தண்ணி பிடிச்சு எத்தனை நாள் ஆச்சு?”

“இன்னைக்குக் காலையிலதான் பழசை இறைச்சுட்டு நிரப்பினேன். ஃப்ரெஷ்.”

“ஏண்ணே, தண்ணி என்ன கீரையா? குழாய்த் தண்ணியில மருந்து இருக்கும், செவுள் வெந்துடும். மருந்தை முறிக்க ஒரு சொட்டு மருந்து தரேன், அளந்து ஊத்திட்டு மூணு நாள் காத்து ஊதவிடுங்க. அப்புறம் இந்தாங்க.” தன் தொட்டி ஒன்றின் வடிகட்டியிலிருந்து, பார்க்கவே அருவருப்பான பழுப்பு ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். “அழுக்குன்னு கழுவிடாதீங்க. இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்கு. அதுதான் மீன் கழிவைத் தின்னு தண்ணியைச் சுத்தமா வைக்கும். இதை உங்க வடிகட்டியில மாட்டி, ரெண்டு வாரம் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாங்க. தினம் கொஞ்சம் தண்ணி கொண்டாங்க, நான் சோதிச்சுச் சொல்றேன்.”

“மீனே இல்லையே, தீனி யாருக்கு?”

“இல்லாத மீனுக்குத்தான். அது அழுகினாத்தான் அந்த உயிருக்குச் சாப்பாடு.”

“என் கல்யாணமே இதைவிடச் சீக்கிரம் முடிஞ்சுதும்மா.”

“அதான் இப்படி இருக்கீங்க.”

கடையில் மீன் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு வாடிக்கையாளர் திரும்பிச் சிரித்தார். லிஃப்ட்காரருக்கும் சிரிப்பு வந்தது. அடுத்தவர் அடிக்கும் ஜோக்குக்குச் சிரித்து நாளாகியிருந்தது.

காற்று விஷயத்தில் மட்டும் அவர் தொட்டிக்கடைக்காரி சொல்வதைக் கேட்கவில்லை. ஒரு தடவை பட்டாயிற்று. லிஃப்டுக்கு ஒரு கயிறு போதும். ஆனாலும் நாலைந்து கயிறு போடுவார்கள். அதே கணக்கில், பழைய கட்டடம் ஒன்றில் கழற்றிப் போட்ட ஊதுமிஷினை, மெஷின் ரூம் சூட்டைத் தணிக்க வைத்திருப்பார்களே அதை, முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து குளத்தில் மாட்டினார். போட்டதும் குளம் எழுந்து நின்றது. எட்டடி நீளக் குளத்தில் அலை அடித்தது. ரொட்டிக்கடைக்காரரின் மாவுத் தட்டுகள் நனைந்து, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, “சார், நான் மீன் ரொட்டி சுடறதில்ல சார்!” என்று குரல் வந்தது. வடிகட்டி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வண்டியில் வந்திறங்கிய தொட்டிக்கடைக்காரி கொல்லைக் கதவிலேயே நின்றுவிட்டாள்.

“இது குளமா, துணி துவைக்கிற மிஷினா?”

“நிறைய காத்து நல்லதுதானே?”

“மீனுக்கு மூச்சுதாண்ணே வேணும், புயல் வேணாம். நாள் முழுக்க எதிர்நீச்சல் போட்டே செத்துரும்.” மண்டியிட்டு அந்தப் பூதத்தை நிறுத்தினாள். சின்ன மோட்டாரை எடுத்துத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் அறையச் சொன்னாள். கரண்ட் போனால் குழாய் வழியாகத் தண்ணீர் பின்னால் ஏறி மோட்டாரைக் கெடுத்துவிடாமல் இருக்கவாம். காற்றுக்கல்லைக் குளத்தின் ஒரு ஓரமாக நகர்த்தினாள். “குமிழி பெருசா இருக்கணும்னு அவசியமில்ல. அது மேல வந்து உடையற இடத்துல தண்ணி கொஞ்சம் அசையணும். அவ்ளோதான். அந்த அசைவுலதான் காத்து உள்ள போகும். மறுபக்கம் அமைதியா இருக்கட்டும், தூங்கறதுக்கு இடம் வேணாமா அதுங்களுக்கு?”

போட்டுக் காட்டினாள். ‘ர்ர்ர்’ என்றது. லிஃப்ட்காரர் தன்னை அறியாமலே அந்தப் பாதி மூடிய ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. ஆனால் பாத்திரம் தேய்க்கும் சத்தம் ஒரு நொடி நின்றுவிட்டுத் தொடர்ந்தது.

அதன்பின் வந்த இரண்டு வாரங்களை என்ன சொல்வது? ஐம்பத்து இரண்டு வயது ஆள் ஒருவர் தினம் காலையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, மீனே இல்லாத குளத்துக்குச் சிட்டிகை சிட்டிகையாகத் தீனி தூவினார். ரொட்டிக்கடைக்காரர் பார்த்து, “சார், நல்லாச் சாப்பிடுதுங்களா?” என்று கேட்டார். “ஒண்ணுக்கு மட்டும் பசி இல்ல” என்றார் இவர். முதல் சில நாள் சிரிப்பாக இருந்தது. பிறகு அது பழக்கமாயிற்று. பிறகு அது என்னவோ ஆயிற்று. தீனித் துகள் தண்ணீரில் விழுந்து, ஈரம் ஏறி, தயங்கித் தயங்கிக் கீழே இறங்கும். அது போகும் வழியிலேயே கண்ணும் போகும். எங்கே தண்ணீர் முடிகிறது, எங்கே தன் பார்வை முடிகிறது என்று பிரிக்க முடியாத ஒரு இடம் வரும். அங்கே ஏதோ ஒன்று வாய் திறந்து வாங்கிக்கொள்வது போல இருக்கும். நிழலா, தன் முகமா என்று பார்ப்பதற்குள் வேலைக்கு நேரமாகிவிடும்.

ஒரு விடுமுறை நாள், அந்த வாளிமேலேயே, சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிட்டார். கனவில் லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தார். தரைத்தளம் வந்தது, லிஃப்ட் நிற்கவில்லை. பலகையில் அதற்குக் கீழே எண் எழுதாத ஒரு பொத்தான், அது மட்டும் எரிந்தது. கதவிடுக்கில் தண்ணீர் நுழைந்தது, பயமாக இல்லை, வெதுவெதுப்பாக இருந்தது. ஒவ்வொரு தளத்திலும் கதவு திறக்க, வரிசையில் நின்ற மீன்கள் மரியாதையாக ஒவ்வொன்றாக உள்ளே வந்து, திரும்பி, எல்லாரும் லிஃப்டில் நிற்பார்களே அப்படி, கதவைப் பார்த்துக்கொண்டு நின்றன. யாரும் யாரோடும் பேசவில்லை. ஒரு தளத்தில் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் குழாய். “ஊதுங்க,” என்றாள். ஊதினார். வாயிலிருந்து குமிழிகள் வந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வார்த்தை இருந்தது. அவர் படிப்பதற்குள் அவை மேலே போய்விட்டன. “இன்னும்,” என்றாள் அவள், “இன்னும், இன்னும்.” ஆனால் “போதும்” என்று சொல்லவே இல்லை. கதவு சாத்திக்கொண்டது.

விழித்தபோது வலது கை மணிக்கட்டுவரை குளத்துக்குள் கிடந்தது. விரல்களுக்கிடையே குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் போன் அடித்துக்கொண்டிருந்தது. மகள்.

“அப்பா, ஒண்ணு சொல்றேன். அம்மாகிட்ட நான் சொன்னதா சொல்லாதீங்க.”

“சொல்லு.”

“அன்னைக்கு ராத்திரி அம்மா வேலை முடிஞ்சு வந்ததும் கொல்லைக்குப் போயிருக்காங்க. சத்தம் இல்லையேன்னு. பிளக்கு கழண்டு கிடந்துதாம். உங்க அட்டை தொங்கிச்சாம். நீங்க ஏதோ வேலை பாதியில வச்சிருக்கீங்க, தொடக்கூடாதுன்னு நினைச்சாங்களாம். உங்களை எழுப்பலாம்னு உள்ள வந்தா, நல்லாத் தூங்கறீங்க. பாவம்னு விட்டுட்டாங்களாம். மறுபடி போய் ரொம்ப நேரம் நின்னாங்களாம். அப்புறம் வந்து படுத்துட்டாங்களாம்.”

குமிழி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அப்பா? இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“ஜோக்கு ஒண்ணும் வரலையா?”

“வரல.”

அன்று சாயங்காலம் அவள் பாத்திரம் கழுவும்போது அவர் துடைக்கத் துணியோடு பக்கத்தில் போய் நின்றார். துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தார். மகளைக் காட்டிக்கொடுக்காமல் சொல்ல வேண்டுமே.

“அந்த அட்டையை நான்தான் மாட்டினேன். நான்தான் எடுக்காம விட்டேன். வேற யாரும் அதுக்கு ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. யாரும் அதை நினைச்சு...” எங்கிருந்தோ வாய் தன் பழைய புத்தியைக் காட்டியது. “அதாவது, குற்றவாளி ஒருத்தன்தான், அவனும் இப்போ தட்டுத் துடைச்சுத் தண்டனை அனுபவிக்கிறான்.”

அவள் குழாயை மூடினாள். கொஞ்ச நேரம் அவர் கையில் இருந்த தட்டையே பார்த்தாள்.

“விடுங்க,” என்றாள்.

பரவாயில்ல, எனக்கென்ன, உங்க இஷ்டம், விடுங்க. நான்கு வார்த்தையில் ஒரு பெண் ஒரு வீட்டையே பூட்டிவிடலாம் என்று லிஃப்ட்காரருக்கு அன்று தெரிந்தது. எந்த வார்த்தைக்கும் அவரிடம் சாவி இல்லை.

இரண்டு வாரம் முடிந்தது. பாட்டிலில் கொண்டுபோன தண்ணீரைத் தொட்டிக்கடைக்காரி ஒரு குழாயில் ஊற்றிச் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். நிறம் மாறவில்லை. முதல் தடவையாகச் சிரித்தாள்.

“தண்ணி தயார். எத்தனை வேணும்?”

“பதினொண்ணு.”

“நாலு தரேன்.”

“எட்டுப் பேர், ஐந்நூத்து நாப்பது கிலோன்னு பலகை மாட்டற ஆளுங்க நாங்க. எங்களுக்குக் கணக்குத் தெரியாதா? பதினொண்ணு தாங்கின குளம்தானே அது?”

“தாங்கலையே, அதானே போச்சு. ஒரு ராத்திரி காத்து நின்னா பதினொண்ணுக்குப் பத்தாது. நாலுன்னா சமாளிச்சிருக்கும்.” கொஞ்சம் தணிந்து சொன்னாள்: “போனதை எண்ணி அத்தனையையும் கடையில வாங்க முடியாதுண்ணே. இது வேற மீனு. புதுசா பழகணும்.”

நாலு தங்கமீன்கள். விரல் நீளம். ஒன்று கொஞ்சம் வெளுப்பு, அதன் முதுகில் மட்டும் யாரோ ஆரஞ்சு சாயத்தைத் தொட்டுவைத்தது போல ஒரு புள்ளி. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. உப்பிய பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆபீஸ்காரர் ஒருவர் தூங்கிக்கொண்டே வந்தவர், கண்ணைத் திறந்து, தன் முகத்துக்கு அரையடி தூரத்தில் ஒரு மீன் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். சாயங்கால வெயில் ஜன்னல் வழியே வந்து பைக்குள் புகுந்து, லிஃப்ட்காரரின் கால்சட்டை மேல் ஒரு சின்னப் பொன் குளமாக விழுந்து, பஸ்ஸோடு ஆடிக்கொண்டே வந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு நிறுத்தம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கட்டு அவிழ்க்காமல் குளத்தில் மிதக்கவிட்டார். இருபது நிமிஷம். உள்தண்ணீரின் சூடும் வெளித்தண்ணீரின் சூடும் ஒன்றாக வேண்டும். பிறகு கட்டை அவிழ்த்து, ஒரு கோப்பை குளத்துத் தண்ணீரைப் பைக்குள் ஊற்ற வேண்டும். பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. பைத் தண்ணீர் குளத்தில் விழக்கூடாது. கடைசியில் மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும். ‘அவசரப்படாதீங்க’ என்று தொட்டிக்கடைக்காரி நாலு தடவை சொல்லியிருந்தாள். மீனுக்கு ஒரு தடவை வீதம்.

முதல் கோப்பையை ஊற்றிவிட்டு வாளிமேல் உட்கார்ந்திருந்தபோது கொல்லைக் கதவு திறந்தது. வேலையிலிருந்து வந்த சேலையோடு, தோள்பையைக்கூடக் கழற்றாமல் மனைவி நின்றாள். படியிறங்கினாள். நாலடி தள்ளி நின்று குளத்தைப் பார்த்தாள்.

“நாலுதானா?”

“இப்போதைக்கு நாலு.”

“அந்த வெள்ளை ஏன் ஓரமாவே நிக்குது?”

“வந்த இடம் புரியலபோல.”

குமிழிகள் ஓரத்தில் ஏறி உடைந்துகொண்டிருந்தன. அங்கே தண்ணீர் லேசாகச் சிலிர்த்தது. மறுபக்கம் பை அசையாமல் மிதந்தது. பைக்குள் நாலும் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவை போல வெளியே பார்த்தன. மதிலுக்கு அந்தப் பக்கம் ரொட்டி வேகும் வாசனை. அவள் அந்தச் சிலிர்ப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேரம் போனது. அவர் இரண்டாவது கோப்பையை மெல்லச் சாய்த்து ஊற்றினார். ஊற்றும்போது தொண்டைக்குள் ஒரு நல்ல ஜோக்கு, நிஜமாகவே நல்ல ஜோக்கு, ஏறிவந்தது. புதுக் குடித்தனம், முன்பணம் இல்லை என்று ஆரம்பிக்கும். வாயைத் திறந்தார். மூடினார். விழுங்கியது வயிறுவரை போய் உட்கார்ந்தது.

“உனக்கு எம்மேல கோபமா?” என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். வாலும் இல்லை, கொம்பும் இல்லை. தன் குரலே அவருக்கு யாரோ ஒருவருடையது போலக் கேட்டது. அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். இன்னும் ஏதாவது வரப்போகிறதா என்று காத்திருப்பவள் போல ரொம்ப நேரம் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

“ஆமா,” என்றாள். “கோபம்தான். மீனு செத்ததுக்கு இல்ல. மறதி யாருக்கும் வரும், எனக்கும் அன்னைக்குத் தைரியம் வரல. அதுக்கு நான் எம்மேலயே கோபப்பட்டுக்கிட்டேன். ஆனா அந்தக் காலையில எனக்கு அழுகை வந்துச்சு. நல்லா உட்கார்ந்து அழணும்போல இருந்துச்சு. வாயெடுக்கறதுக்குள்ள நீங்க சிரிக்க வச்சுட்டீங்க. சிரிச்சுட்டேனே, அப்புறம் எப்படி அழறது? சிரிச்சவ எப்படி உங்ககிட்ட கோபப்படறது? இத்தனை நாளும் உள்ளயே வச்சுக்கிட்டு நிக்கறேன். இப்போ கேட்டீங்க இல்ல, அதான் சொல்றேன். ரொம்பக் கோபம்.”